நாஃப்பிலியோவுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கிரீஸின் இந்தச் சிறிய ஊருக்கு இரண்டு முறை போய்த் தங்கியிருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட உறவினர்களும் நண்பர்களும், அவர்களிடமிருந்து என் எண்ணை வாங்கிக்கொண்ட அவர்களுடைய நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

நாஃப்பிலியோ எங்கே இருக்கு? சான்டோரினி மாதிரி தீவா?

தீவு இல்லை. ஏதென்ஸுக்குத் தென்மேற்கே, பெலோப்பொனீஸ் என்ற பெரிய தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக ஊர். வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் இங்கே கிடையாது. காவி, மஞ்சள் நிற வீடுகள், மரத்தாலான மாடிமுகப்புகள், சந்துக்குச் சந்து காகிதப்பூக் கொடி. ஊருக்கு மேலே ஒரு குன்றில் பலமீதி கோட்டை, கீழே கடலுக்கு நடுவில் பூர்ட்சி என்ற குட்டிக் கோட்டை.

வெனிஸ்காரர்கள் ஆண்டார்கள், துருக்கியர் ஆண்டார்கள், மறுபடி வெனிஸ், மறுபடி துருக்கி. விடுதலைப் போருக்குப் பிறகு கிரேக்க நாட்டின் முதல் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது. 1834இல் தலைநகரம் ஏதென்ஸுக்குப் போய்விட்டது. பழைய ஊர் இடிபடாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இதெல்லாம் போக, மைசீனி, டிரின்ஸ் என்ற பழங்கால அரண்மனைக் கோட்டைகளும், எபிடாரஸ் என்ற பழங்கால அரங்கமும் கோவிலும் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. மூன்றுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை.

ஏதென்ஸ்லயே ரூம் போட்டுட்டு ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமே?

வரலாம். சுற்றுலாப் பேருந்துகள் அதைத்தான் செய்கின்றன. காலையில் கொரிந்த் கால்வாயில் இறக்கிப் படம் எடுக்கவிட்டு, பதினொரு மணி வெயிலில் மைசீனி, சாப்பாடு, எபிடாரஸ், நாஃப்பிலியோவில் ஒரு ஐஸ்கிரீம், திரும்ப ஏதென்ஸ். படங்கள் கிடைக்கும். ஊர் கிடைக்காது.

ஏனென்றால் இந்த ஊர் மாலையில்தான் விழித்துக்கொள்கிறது. அந்தப் பேருந்துகள் மைசீனிக்கு வந்து சேரும் நேரத்தில், உள்ளூரில் தங்கியவர் எட்டு மணிக்கே போய்ப் பார்த்து முடித்துக் கிளம்பியிருப்பார். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். மூன்று என்றால் இன்னும் நல்லது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏதென்ஸிலிருந்து எப்படிப் போறது? ரயில் உண்டா?

ரயில் இல்லை. பேருந்து அல்லது வாடகைக் கார். பேருந்து ஏதென்ஸின் கிஃபிசோஸ் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. நகர மையத்திலிருந்து அல்ல. விமானத்தில் இறங்கியதும் நேரே போகிறவர்களுக்கு எக்ஸ்93 என்ற விமான நிலையப் பேருந்து அங்கேயே கொண்டுவிடும். பிறகு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வழியில் ஆர்கோஸ் என்ற ஊர் வரும். பாதிப் பேர் அங்கே இறங்குவதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

காரில் சுமார் 140 கிலோமீட்டர், நல்ல நெடுஞ்சாலை, ஆங்காங்கே சுங்கம். பழைய ஊருக்குள் கார் நுழையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை ஒட்டிய பெரிய நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அறை எடுக்கும்போது படிக்கட்டுகளைப் பற்றிக் கேளுங்கள். மேல் சந்துகளில் உள்ள விடுதிகளுக்கு ஐம்பது அறுபது படி ஏறுவது சாதாரணம்.

விசா எந்த மாதிரி? கிரீஸுக்குத் தனியா வாங்கணுமா?

இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்குமே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூனிலிருந்து), 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்கினால் நேரம் வாங்குவதே பெரும்பாடு, முந்திக்கொள்ளுங்கள். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

அமைதியான ஊர்னு சொன்னீங்க. நாங்க போனப்ப உட்கார இடம் இல்லையே?

சனிக்கிழமை போயிருப்பீர்கள். ஏதென்ஸ்காரர்களுக்கு இது வார இறுதி ஊர். வெள்ளி மாலை கார்கள் வந்து குவியும், ஞாயிறு மாலை காலியாகும், அறை வாடகையும் அதோடு ஏறி இறங்கும். ஞாயிறு இரவு வந்து சேர்ந்து புதன் காலை கிளம்புவதுபோலத் திட்டம் போட்டால் நான் சொன்ன ஊர் கிடைக்கும். ஆகஸ்ட் 15, மாதா திருநாள். அதைச் சுற்றிய வாரத்தில் கிரீஸே விடுமுறையில் இருக்கும், தவிர்த்துவிடுங்கள்.

மாதம் என்று கேட்டால் ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. ஆர்கோஸ் சமவெளி முழுக்க ஆரஞ்சுத் தோப்பு. வசந்தத்தில் பேருந்து சன்னலைத் திறந்தாலே பூ மணம் அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததில்லை, இடிபாடுகளில் நிழலும் இல்லை. குளிர்காலம் எனக்குப் பிடிக்கும், ஆனால் மழை உண்டு. தொல்லியல் இடங்களைப் பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் மூடிவிடுவார்கள்.

பலமீதிக்கு 999 படியாமே? அம்மாவுக்கு முழங்கால் வலி, விட்டுடலாமா?

விட வேண்டாம். கோட்டையின் பின்பக்கமாகக் கார் வாசல்வரை போகும். ஊரிலிருந்து டாக்ஸியில் பத்து நிமிடம். நீங்கள் படியில் ஏறுங்கள், அம்மா காரில் வரட்டும், மேலே சந்தித்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் வாசலை ஒட்டிய பகுதியோடு அவர் நின்றுகொள்ளலாம். காட்சிக்கு அது போதும்.

999 என்பது ஊர்ப்பேச்சு. ஆயிரமாவது படியை விடுதலைப் போர்த் தளபதி கொலோகொட்ரோனிஸின் குதிரை உடைத்துவிட்டது என்று கதை. எண்ணிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், பெரும்பாலும் 900க்குக் கீழே. எனக்கு 400ஐத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போனது. காலை எட்டு மணிக்கு ஏறுங்கள். அந்த நேரத்தில் படிகள் பெரும்பாலும் நிழலில் இருக்கும்.

1711இல் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் வெனிஸ்காரர்கள் இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1715இல் துருக்கியர் பிடித்துக்கொண்டார்கள். கட்டிய கைக்கு ஓராண்டுகூட முழுதாகப் பயன்படவில்லை. பிற்பாடு அது சிறையானது. அந்தக் கொலோகொட்ரோனிஸையே, விடுதலை கிடைத்தபின், புதிய அரசு ராஜத்துரோகம் என்று சொல்லி இங்கே அடைத்துவைத்தது. அவருடையது என்று காட்டும் இருட்டறைக்குள் குனிந்துதான் நுழைய முடியும்.

ஊருக்குள்ள பார்க்க என்ன இருக்கு? கடைத்தெரு மட்டும்தானா?

முதலில் சின்டாக்மா சதுக்கத்துத் தொல்லியல் அருங்காட்சியகம். வெனிஸ்காரர்கள் கட்டிய கிடங்குக் கட்டடம் அது. அங்கே ஒரு வெண்கலக் கவசம் நிற்கிறது. பக்கத்து தெந்த்ரா கிராமத்துக் கல்லறையில் 1960இல் கிடைத்தது, கிட்டத்தட்ட 3,400 ஆண்டுப் பழையது. கழுத்திலிருந்து தொடைவரை வளையம் வளையமாகத் தகடு, தலைக்குக் காட்டுப்பன்றித் தந்தங்களைக் கோத்த கவசம். பார்த்தால் நெல் கொட்டும் குதிருக்குக் கைகால் முளைத்ததுபோல இருக்கும். இதைப் போட்டுக்கொண்டு சண்டை போட முடியுமா, சடங்குக்காகச் செய்ததா என்று ஆய்வாளர்கள் வெகுநாள் வாதிட்டார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், கிரேக்கப் படைவீரர்கள் 13 பேர் இதன் நகலை அணிந்து 11 மணி நேரம் போர்ப் பயிற்சி செய்து, முடியும் என்று காட்டினார்கள். மைசீனிக்குப் போவதற்கு முந்தின நாளே இதைப் பார்த்துவிடுங்கள். மறுநாள் அந்த மதில்களுக்குள் நடந்தவர்கள் யார் என்று மனதில் ஓர் உருவம் இருக்கும்.

அடுத்தது புனித ஸ்பிரிடோன் தேவாலயம். ஒரு சந்தில் இருக்கும் சிறிய கோவில்தான். 1831இல் கிரேக்க அரசின் முதல் தலைவர் கபோதிஸ்த்ரியாஸ் காலை வழிபாட்டுக்கு வந்தபோது இதன் வாசலில் வைத்துக் கொன்றார்கள். குண்டு பட்ட இடம் என்று சுவரில் ஒரு குழியைக் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள்.

பூர்ட்சி கோட்டையைக் கரையிலிருந்து பார்ப்பதே அழகு. 1473இல் வெனிஸ்காரர்கள் எழுப்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரண தண்டனை நிறைவேற்றுகிறவரை ஊருக்குள் குடிவைக்க மக்கள் சம்மதிக்காததால், அவரை அந்தக் கடல்கோட்டையில் வைத்தார்கள். பிறகு அதே இடம் ஓட்டலாக இருந்தது! படகு ஓடுகிறதா என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம், குன்றைச் சுற்றி அர்வனிதியா கடற்கரைவரை போகும் நடைபாதை நன்றாக இருக்கும். பாறை சரியும் என்று சில சமயம் அடைத்துவைப்பார்கள். சதுக்கத்தின் தரை பளிங்கு. மழை பெய்தால் வழுக்கும்.

மைசீனில வெறும் கல்லுதான் இருக்குன்னு சொல்றாங்களே?

கல்தான். ஆனால் அந்தக் கல்லை எப்படித் தூக்கி வைத்தார்கள் என்று பார்க்கத் தெரிந்துகொண்டால் அங்கிருந்து கிளம்ப மனம் வராது.

சிங்க வாயிலில் தொடங்குங்கள், சுமார் கிமு 1250. எல்லாரும் சிங்கங்களைப் படம் எடுப்பார்கள் (தலைகள் இல்லை, தனியாகச் செய்து பொருத்தியவை காணாமல்போயின). நீங்கள் அவற்றுக்குக் கீழே இருக்கும் உத்திரக் கல்லைப் பாருங்கள். மேலே ஏறிவரும் மதிலின் பாரம் அந்த உத்திரத்தின் நடுவில் இறங்கினால் அது முறிந்துவிடும். அதனால் அதற்கு மேலே முக்கோணமாக இடம் விட்டு, பாரத்தைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டார்கள். அந்தக் காலி முக்கோணத்தை அடைக்க வைத்த பலகைக் கல்லில் செதுக்கியவைதான் சிங்கங்கள். இதைப் புரிந்துகொண்டு, சாலையில் சற்றுக் கீழே இருக்கும் ‘ஏட்ரியஸின் கருவூலம்’ என்ற கல்லறைக்கு வாருங்கள். அங்கே அதே முக்கோணம் அடைப்பில்லாமல் வெறுமையாக நிற்கும்.

அந்தக் கல்லறையைத் தவறவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அதே சீட்டுதான், பத்திரமாக வைத்திருங்கள். உள்ளே சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, 13 மீட்டருக்கு மேல் உயரமான குவிமாடம் எழுப்பியிருக்கிறார்கள். வாசலின் உள்பக்க உத்திரம் 120 டன் இருக்கும் என்கிறார்கள். நடுவில் நின்று ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

வழிகாட்டி கட்டாயம் இல்லை. முந்தின இரவு அரை மணி நேரம் படித்துவிட்டுப் போனால் போதும். தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு, நிலத்தடி நீர்த்தொட்டிக்கு இறங்கும் படிகளுக்காக ஒரு டார்ச். அந்த வழி திறந்திருந்தால் கும்மிருட்டு.

அகமெம்னானோட தங்க முகமூடி அங்கதானே இருக்கு?

அகமெம்னான், பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்தில் ட்ராய் போருக்குப் போகும் மைசீனி மன்னன். அங்கே இருப்பது முகமூடியின் நகல். அசல் ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மைசீனி பார்த்தபின் ஏதென்ஸில் ஒரு காலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். முன்னாடி பார்த்தால் தங்கம் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, அது அகமெம்னானுடையது அல்ல. 1876இல் ஹைன்ரிக் ஷ்லீமன் என்ற ஜெர்மன் வணிகர் தோண்டி எடுத்தார். ஹோமரின் காவியத்தை வரிக்கு வரி நம்பியவர் என்பதால் அகமெம்னான் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ட்ராய் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஏறக்குறைய 300 ஆண்டு முந்தியது அது. யாருடைய முகமோ, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எபிடாரஸ் அரங்கத்துல காசு கீழ விழுந்தா கடைசி வரிசைக்கு நிஜமாவே கேட்குமா?

விழுந்தது கேட்கும். விழுந்தது காசு என்று தெரியாது. 2017இல் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் கருவிகள் வைத்து அளந்தார்கள். காசு விழுவதும் காகிதம் கிழிவதும் அரங்கம் முழுவதும் காதில் பட்டன. ஆனால் பாதி உயரத்துக்கு மேலே இன்ன சத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை. கிசுகிசுப்பது முன்வரிசைகளுக்குத்தான். வழிகாட்டிகள் இதைச் சொல்ல மாட்டார்கள். அதற்கு முன் 2007இல் வந்த இன்னோர் ஆய்வு, படிப்படியான சுண்ணாம்புக்கல் இருக்கைகள் தாழ்ந்த இரைச்சலை அடக்கி, பேச்சின் கூர்மையான பகுதியை எழுப்பிக்கொடுப்பதாகச் சொன்னது.

எண்களை விடுங்கள். கீழே நடுவில் உள்ள வட்டக் கல்லில் ஒருவர் நின்று சாதாரணக் குரலில் பேச, நீங்கள் 55ஆவது வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். நான் போனபோது ஒரு பாட்டி கீழே நின்று தாலாட்டுப்போல ஏதோ பாடினார். மொழி தெரியாது, மூச்சு விடும் இடம்கூடக் கேட்டது. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் பழைய நாடகங்களை இங்கேயே நடத்துகிறார்கள். வெயிலைப் பொறுத்துக்கொண்டு கோடையில் போவதற்கு அது ஒன்றுதான் நல்ல காரணம். குதிகால் உயர்ந்த செருப்புக்கு அனுமதி இல்லை.

அரங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். அது ஒரு மருத்துவக் கோவிலின் பகுதி. அஸ்கிலேப்பியஸ் தெய்வத்தை நம்பி வந்த நோயாளிகள் ஒரு மண்டபத்தில் படுத்து உறங்குவார்கள், கனவில் தெய்வம் வந்து மருந்து சொல்லும் என்பது நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அவை அங்கேயே கிடைத்திருக்கின்றன.

கூகுள் மேப்புல எபிடாரஸ்னு போட்டா கடற்கரை ஊருக்குக் கூட்டிப் போகுதே?

எங்களுக்கும் நடந்தது. எபிதாவ்ரோஸ் என்ற பெயரில் அந்தப் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. கடற்கரையில் இருக்கும் பழைய எபிதாவ்ரோஸில் ஒரு சின்ன அரங்கமும் இருப்பதால் குழப்பம் முற்றும். நாங்கள் அதைப் பார்த்து, ‘இவ்வளவுதானா, படத்தில் பெரிதாகத் தெரிந்ததே’ என்று பேசிக்கொண்டோம். பெரிய அரங்கம் உள்நாட்டில், லிகூரியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அஸ்கிலேப்பியஸ் கோவிலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

கார் ஓட்டத் தெரியாது. இதெல்லாம் பஸ்ல போக முடியுமா?

எபிடாரஸுக்கும் மைசீனிக்கும் நாஃப்பிலியோவிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் நாளைக்குச் சில தடவைதான். ஞாயிறன்று இன்னும் குறையும். வந்து இறங்கியதும் நிலையத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் மைசீனி ‘மிகீனெஸ்’ என்றிருக்கும். ஏதென்ஸ் பேருந்தில் ஏறி ஃபிக்தி நிறுத்தத்தில் இறங்கினால் இடிபாடுகள் நாலு கிலோமீட்டருக்குள், ஆனால் ஏற்றம். நாலு பேர் என்றால் டாக்ஸி பேசிக்கொள்வதே மேல். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

டிரின்ஸ் போகணுமா? பெயரே கேள்விப்பட்டதில்ல.

ஒரு மணி நேரம் போதும். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், ஆர்கோஸ் போகும் எந்தப் பேருந்தும் வாசலில் நிற்கும். பக்கத்து வளாகம் ஒரு விவசாயச் சிறை, பயப்படாதீர்கள். மதில்கள் அவ்வளவு பெரிய கற்களால் ஆனவை என்பதால், ஒற்றைக்கண் அரக்கர்கள் கட்டியது என்றே பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். மதிலுக்குள் ஓடும் கூம்புக்கூரை நடைவழியில் கற்கள் இடுப்பளவுக்குப் பளபளவென்று இருக்கும். நூற்றாண்டுக்கணக்கில் அங்கே ஒதுங்கிய ஆடுகள் உரசி உரசி மெருகேற்றியது அது. நான் போன இரண்டு தடவையும் வேறு ஆளே இல்லை.

நாங்க சைவம். முட்டைகூட இல்ல. பட்டினியா?

இல்லவே இல்லை. கிரேக்கச் சமையலில் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகளுக்குத் தனி வரிசையே உண்டு. பெரிய வெள்ளை அவரை போட்ட கிகாந்தெஸ், மஞ்சள் பட்டாணி மசித்த ஃபாவா, கத்தரி, உருளை, சுரை வகைக் காய்களைச் சேர்த்து அடுப்பில் வைத்த பிரியாம், வெந்த கீரையில் எலுமிச்சை பிழிந்த ஹோர்தா. தக்காளி, குடைமிளகாய்க்குள் சோறு அடைத்த கெமிஸ்தா வாங்கும்போது மட்டும் கேளுங்கள். சில வீட்டில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். கறி இல்லாததை ‘ஓர்ஃபனா’, அதாவது அனாதை என்பார்கள்!

ஒரு வலை இருக்கிறது. ‘நிஸ்தீசிமோ’ என்றால் விரத உணவு என்று கேள்விப்பட்டு அதை நம்பி வாங்குகிறார்கள். கிரேக்க விரதத்தில் கறி, முட்டை, பால் கூடாது. ஆனால் இறாலும் கணவாயும் ஆகும். ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி, ஹோரிஸ் தலசினா’ (கறி, மீன், கடலுணவு இல்லாமல்) என்று ஒரு தாளில் எழுதிவைத்துக் காட்டுங்கள். காரம் மட்டும் கிடைக்காது. ஊறுகாய்ப் பாட்டில் உங்கள் பொறுப்பு.

மதியம் மூணு மணிக்கு ஊரே செத்துப்போன மாதிரி இருந்துச்சு. ஏன்?

தூங்குகிறார்கள். கடைகள் பலவும் இரண்டரை வாக்கில் அடைத்து, மாலை ஐந்தரைக்கு மேல் திறக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குமேல்; ஏழு மணிக்கு உணவகம் போனால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். எட்டு மணிக்கே இடிபாடு, மதியம் தூக்கம், மாலை ஊர் என்று நான் மேலே சொன்னது இந்தக் கணக்கில்தான்.

சங்கப் பாட்டுல வர்ற யவனர் இவங்கதானா?

மைசீனிக்காரர்கள் அல்ல. அந்த அரண்மனைகள் கிமு 1200ஐ ஒட்டி அழிந்துபோயின. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியவர்கள், ரோமப் பேரரசின் கிழக்குத் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள். ‘யவனர்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கரில் ஒரு பிரிவான அயோனியரின் பெயர். மைசீனிக்காரர்களுக்கும் பிற்காலக் கிரேக்கர்களுக்கும் உள்ள தொடர்பு மொழியில் இருக்கிறது: மைசீனியிலும் டிரின்ஸிலும் கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்தபோது, அது கிரேக்க மொழியின் மிகப் பழைய வடிவம் என்று தெரியவந்தது.

எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான் இருக்கு. எதை விடலாம்?

பலமீதியின் உள்ளே போவதை விடுங்கள், கீழிருந்து பார்த்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு மைசீனி, திரும்பும் வழியில் டிரின்ஸில் முக்கால் மணி நேரம், சாப்பாடு, தூக்கம், நாலு மணிக்கு மேல் எபிடாரஸ். கோடை என்றால்தான் இது நடக்கும். குளிர்காலத்தில் எபிடாரஸ் முந்தியே மூடிவிடும் என்பதால் டிரின்ஸை வெட்டிவிட்டு மதியத்துக்குள் அங்கே போய்ச் சேருங்கள். கார் அல்லது டாக்ஸி கட்டாயம். இரவு ஒன்பதுக்குச் சதுக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிடுங்கள், குழந்தைகள் பதினொரு மணிவரை அங்கே பந்து விளையாடிக்கொண்டிருக்கும்.